ஓம் என்றால் ஆமாம்

நான் பாடுவது என்ன பாட்டு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதையெல்லாம் கேட்டு மனதில் போட்டு வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ருசி. என் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு உன்னை விட்டுட்டுப் போனா? மாப்பிள்ளை பக்கத்துலதானே நிக்கிறாரு?" என்றாள். பக்கத்தில்தான் நின்றார், ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டு. அவருடைய அபிப்பிராயம் வேறு: "அழறதுக்கு இவ்வளவு வயரு வேணுமா?" மெல்போர்னில், மல்கிரேவ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இழுவை. "என்ன பிள்ளை, இண்டைக்கு இழுவை இல்லையோ?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

முறையாகச் சொன்னால் அதன் பெயர் ஜாஸ், ப்ளூஸ். நான் அதை யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் மதுரையில் என்னை ஒரு பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பாட்டு டீச்சர், "குழந்தைக்குத் தொண்டைக்கு ஏதாவது மருந்து குடுத்துட்டு அப்புறமா அனுப்புங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மருந்து கொடுத்தார்கள். கரகரப்பு போகவில்லை. அத்தோடு பாட்டு முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம் கல்யாணம், சிட்னி. வெஸ்ட்மீடில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. போய்வர ஒரு பழைய கார் வாங்கினோம். விற்றவர் நேர்மையான மனிதர். "ஏசி வேலை செய்யாது, ரேடியோவுல ஒரே ஸ்டேஷன்தான் வரும், மத்தபடி தங்கம்" என்றார். அந்த ஒரே ஸ்டேஷனில் பொழுது விடிந்தால் பொழுது போனால் பழைய அமெரிக்கப் பாட்டுகள்தான். யாரோ ஒரு பெண், ராத்திரி பூராவும் தூங்காமல் சண்டை போட்டவள் மாதிரி, கரகரவென்று பாடிக்கொண்டிருந்தாள். நான் பரமட்டா ரோட்டின் நெரிசலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அட, இவளுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

வார்த்தை பாதி புரியாது. புரியாத இடத்தில் நானாகத் தமிழைப் போட்டு நிரப்பிக்கொள்வேன். "சாம்பாரு கொதிச்சுப்போச்சு" என்பதை எந்த ப்ளூஸ் மெட்டிலும் உட்கார வைக்கலாம், சந்தேகமிருந்தால் வீட்டில் பாடிப் பாருங்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்கள் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பேன். கூட வேலை பார்த்த ஆஸ்திரேலியப் பெண் ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "இந்தக் குரல் வேணும்னு சில பேரு வருஷக்கணக்கா சிகரெட் பிடிக்கிறாங்க. உனக்குச் சும்மாவே வந்திருக்கா?" என்றாள். அந்தச் சனிக்கிழமையே பழைய ராணுவ வீரர்களுக்கான ஒரு கிளப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே பிற்பகலில் இறைச்சித் தட்டுக் குலுக்கல் நடக்கும். சீட்டுக் குலுக்கி, ஜெயித்தவருக்கு ஆட்டு இறைச்சியும் சாஸேஜும் அடுக்கிய ஒரு பெரிய தட்டைக் கொடுப்பார்கள். ஒரு குலுக்கலுக்கும் அடுத்த குலுக்கலுக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துப் பாடலாம். நான் பாடினேன். பாடி முடித்ததும் கிளப்பில் ஒரு தாத்தா எழுந்துவந்து, தான் ஜெயித்த தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். பாட்டுக்காக நான் வாங்கிய முதல் சன்மானம் அது. நான் சுத்த சைவம். அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு கல்யாண வரவேற்புகள், அலுவலக விருந்துகள், சிட்னி துறைமுகத்தைச் சுற்றிவரும் படகுகள். வாரத்தில் ரத்தம், வாரக்கடைசியில் ப்ளூஸ். எல்லா இடத்திலும் நல்ல மரியாதைதான், ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். சுவரில் மாட்டிய படம் மாதிரி நான் ஒரு மூலையில் பாடிக்கொண்டிருப்பேன். ஒருமுறை, உயிர் போகிற மாதிரி ஒரு வரியை உருக்கிப் பாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் மேடைக்கே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். நிறுத்த மனமில்லை. மெட்டு மாறாமல் "நேராகப் போய் இடதுபக்கம் திரும்பு" என்று பாடிவிட்டேன். அன்றைக்குக் கைதட்டல் வந்தது அந்த வரிக்குத்தான்.

வீட்டுக்காரருக்கு மெல்போர்னில் வேலை மாறியதும் மல்கிரேவுக்கு வந்தோம். மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஓம்… ஓம்… ஓம் ஓம்… ஓ…ம்." யாரோ தியானம் செய்கிறார்கள் என்று நினைத்து, பாட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் துணி காயப்போடும்போது எட்டிப் பார்த்தால், ஒரு அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் (அவருக்கு அது கதிரை) கால் நீட்டி உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டு யாரோ சொல்லும் கதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் ஆமா என்று சொல்கிற இடத்திலெல்லாம் அவருக்கு ஓம்.

அவரை நான் முதலில் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். "அன்ரி எண்டு சொல்லும். ஆன்ட்டி எண்டால் ஆரோ கிழவியக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சரி, அன்ரி.

அந்த ஓம்களைக் கேட்டே போனில் என்ன செய்தி என்று சொல்ல எனக்குப் பழகிவிட்டது. குட்டையாக அடுத்தடுத்து வந்தால் கல்யாணப் பேச்சு. நீளமாகக் கீழே இறங்கினால் யாருக்கோ உடம்பு சரியில்லை. மேலே போய் அறுந்தால், சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

அன்ரிக்கு ப்ளூஸைப் பற்றிப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. ப்ளூஸில் ஒரு வரியைப் பாடிவிட்டு, ஏறக்குறைய பாடிய அளவுக்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும். பிறகு அதே வரியை மறுபடி பாட வேண்டும், மறுபடி இடைவெளி. மூன்றாவதாக வருவதுதான் முடிக்கிற வரி.

"ஏன் பிள்ளை ஒரு வரிய ரெண்டு தரம் சொல்லுறீர்? முதல் தரமே விளங்கிட்டுது" என்றார் அன்ரி. "அந்த மனுசனுக்குக் காது கேளாதோ?"

"கேட்டும் கேக்காத மாதிரி இருக்கான் அன்ரி. அதான் ரெண்டாவது தடவை."

"ஓ, அப்பிடியே. எங்கட ஆளும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனார்.

தமிழில் நானே கட்டிய ஒரு ப்ளூஸும் உண்டு. "நான் போறேன், சாவி மேஜை மேல இருக்கு" என்பது அதன் முதல் வரி. இரண்டாவதும் அதுவே. "பால் ஃபிரிட்ஜில இருக்கு, பாசம்தான் தீர்ந்துபோச்சு" என்று முடியும். அதை முதன்முதலாக வேலிக்கு இந்தப் பக்கம் பாடியபோது அந்தப் பக்கத்தில் பூவாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"போறன் எண்டு சொல்லப்படாது பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லோணும்."

எங்கள் பக்கத்திலும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வோம். பாட்டுக்காக வேண்டுமென்றே அதை உடைத்திருந்தேன். "திரும்பி வர்றதா இருந்தா பாட்டே இல்லையே அன்ரி."

"வாறதும் வராததும் உம்மட விருப்பம். அதுக்காக வாசல்ல நிண்டு போறன் எண்டு சொல்லுறதே?"

நான் மாற்றவில்லை. அவரும் விடவில்லை. அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து "போட்டு வாறன்" என்று ஒரு திருத்தம் வரும்.

எனக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் அந்த பப் வாய்த்தது. மெல்போர்னின் வடக்குப் பக்கத்தில், டிராம் திரும்புகிற ஒரு மூலையில் இருந்தது. அங்கே ஞாயிறு பிற்பகல்களில் ரொம்ப காலமாகப் பாடிக்கொண்டிருந்த பெண், மகளோடு இருக்கக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டாள். அங்கே பியானோ வாசிப்பவர் ஒரு பெண்மணி. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். ஒரு விருந்தில் என்னோடு வாசித்திருந்த அவர்தான் எனக்குப் போன் செய்து, இடம் காலியாக இருக்கிறது என்றார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும்போல இருந்தது. வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை. மூலையில் பாடிப் பாடி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில், வாராவாரம், கேட்கவென்றே வருகிறவர்களுக்குப் பாட வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் எங்கே காணோம் என்று யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பப் முதலாளி விக்டோரியா மாநிலத்தின் உட்பக்க ஊரொன்றிலிருந்து வந்தவர். அதிகம் பேசாதவர். "ஞாயித்துக்கிழமையை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டேன். "யே, நா" என்றார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னைத் திணறடித்த சொல் அது. ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிம்மதியாக நடந்து போய்விடுவார்கள். வெளியே வந்ததும் பியானோக்கார அம்மா விளக்கினார்: "கடைசியில எது வருதோ அதுதான் பதில். 'யே, நா'ன்னா இல்லை. 'நா, யே'ன்னா ஆமாம்."

"அப்போ எனக்கு இல்லையா?"

"இரு," என்று உள்ளே போனார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. திரும்பி வந்து, ஒரு ஞாயிறு பாடிப் பார்க்கச் சொல்கிறார் என்றார். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல கூட்டம் வரும், பாட்டு தொடங்கியதும் எழுந்து போய்விடும். அந்தக் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் அன்ரியிடம் சொன்னேன். தெரிந்த முகம் நாலு முன்னால் இருந்தால் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

"தவறணைக்கோ? நானோ?" என்றார். அவர் ஊரில் கள்ளுக்கடைக்கு அதுதான் பெயர். போகத் திரும்பியவர் நின்று, "தேத்தண்ணி குடுப்பினமோ?" என்று கேட்டார்.

"கேட்டாக் குடுப்பாங்க அன்ரி."

"அப்ப கோயில் முடிய வாறம். எங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதலில் வந்தது கெட்ட செய்தி. எங்கள் கிட்டார்க்காரருக்குத் தொழில் பிளம்பர் வேலை. யாருடைய வீட்டிலோ குழாய் வெடித்து, சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீராம். அவர் வரவில்லை. கிட்டார் இல்லாவிட்டால் நான் வாயை மூடும் இடத்திலெல்லாம் யார் பதில் சொல்வது? நான் பதறினேன். பியானோக்கார அம்மா பதறவே இல்லை. "இடத்தைக் காலியா விடு. யாராவது வந்து உக்காருவாங்க" என்றார், பேருந்தில் இருக்கை இருப்பதைச் சொல்வது போல.

முதல் பாட்டு, ஆங்கிலத்தில் நான் எழுதியது. மெல்போர்னில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது தண்டவாளத்தைத் தோண்டுவார்கள். ரயிலை நிறுத்திவிட்டு, மாற்றுப் பேருந்து வரும் என்பார்கள். எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்கள். காதலனைத் தேடிப் போகிற ஒருத்தி அந்த மாற்றுப் பேருந்துக்காக நிற்பதுதான் பாட்டு. தொடங்கும்போதே இரண்டு மேஜைகளில் கோட்டைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் கதவு திறந்தது. அன்ரியும் அவருடைய கூட்டாளிகளும் நேராகக் கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். பட்டுச்சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் காரக் கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் டப்பாக்கள். முன்வரிசைக் கதிரைகளை நிரப்பி உட்கார்ந்தார்கள்.

"ரயில் இல்லை, பஸ் வரும் என்றார்கள்" என்று பாடி நிறுத்தினேன்.

"ஓம்," என்றார் அன்ரி. அவரும் ரயிலுக்காக நின்று ஏமாந்தவர்தானே. மற்ற அன்ரிகளும் சேர்ந்துகொண்டார்கள். "ஓ…ம்."

மறுபடி அதே வரி. மறுபடி "ஓ…ம்", இந்த முறை இன்னும் ஆழமாக, அனுபவப்பட்ட குரலில். "பஸ் வந்தது, என் மனம்தான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டது" என்று முடித்தேன். "ஓம் ஓம்" என்று உச்சுக்கொட்டினார்கள். கிட்டார்கூட இவ்வளவு சரியாக இடைவெளியில் வந்து உட்கார்ந்ததில்லை. பியானோக்கார அம்மா வாசித்தபடியே கண்ணடித்தார்.

கோட்டைத் தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பின்மேஜையில் இருந்த ஒரு தாடிக்காரர் கண்ணை மூடி, உள்ளங்கைகளைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு அன்ரிகளோடு சேர்ந்து "ஓ…ம்ம்ம்" என்று இழுத்தார். அவருடைய மனைவியும் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் பப் முழுக்க ரீங்காரம். அன்ரி திரும்பிப் பார்த்து, "இஞ்சத்த சனம் நல்ல மரியாதையான சனம்" என்று பக்கத்து அன்ரியிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது.

யாரும் எழுந்து போகவில்லை. முதலாளி என்னிடம் வந்து, அந்தப் பெண்மணிகள் செய்தது பிரமாதம், அடுத்த வாரமும் அப்படியே வேண்டும், கிட்டார் வேண்டாம், அது நன்றாகப் போனால் ஞாயிற்றுக்கிழமை உனக்குத்தான் என்று சொன்னார். ஒரு மாதத்துக்கு அவர் பேசுகிற அளவு அது. அன்ரிகள் பதில் சொன்ன அழகைத்தான் பாராட்டுகிறார் என்று நான் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். கிட்டார்க்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "எனக்குப் பதிலா ஆன்ட்டிகளா?" என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினார்.

வாரத்தின் நடுவில் பப்பிலிருந்து போனுக்கு விளம்பரம் வந்தது. பெரிய தாமரை. அதன் மேல் என் முகம், கண்கள் மூடியபடி. உச்ச ஸ்தாயியில் எட்டாத சுரத்தை எட்டுவதற்காக நான் கண்ணை மூடிய கணம் அது. கீழே: ஓம் ப்ளூஸ், மூச்சை இழுத்து விடுங்கள், யோகா விரிப்பு கொண்டுவரலாம்.

வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுவியா?" என்றார்.

அன்ரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இது கோயில் ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்? தவறணையில இருந்து நாங்கள் ஓங்காரம் ஓதினனாங்கள் எண்டெல்லோ கதைப்பினம். நான் ஓம் எண்டுதானே சொன்னனான்."

"தெரியும் அன்ரி."

"உமக்காண்டி வருவம். ஆனா வாய் திறக்கமாட்டம்."

முதலாளிக்குப் போன் செய்து, அது மந்திரம் இல்லை என்றேன். "யே, நா, பரவால்லை" என்று வைத்துவிட்டார். கேள்விக்குத்தான் அந்த இலக்கணம் பொருந்தும். இதற்கு என்ன பொருள் என்று பியானோக்கார அம்மாவுக்கும் தெரியவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆசைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்துவிடும். ஆனால் கண்ணை மூடி மூச்சு விடுகிறவர்களுக்கு நான் பேருந்தைப் பற்றிப் பாடினால் என்ன, கழிப்பறையைப் பற்றிப் பாடினால் என்ன? மறுபடி மூலையில் நிற்பதுதானே அது. அதைவிட, அன்ரியைச் சாமி படமாக்கி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என் பாட்டில் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டதால்தானே சண்டைக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறு பப்பில் ஊதுவத்தி மணந்தது. மேஜைகளை ஒதுக்கி, யோகா விரிப்புகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகளில் அன்ரிகள், பல் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு. முதலாளி பாரின் பின்னால் ஒரே கண்ணாடித் தம்ளரைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "போன வாரம் இவங்க சொன்னது மந்திரம் இல்லைங்க. இவங்க பேசற தமிழ்ல ஓம்னா ஆமாம். ரயில் வராததைப் பத்திப் பாடினேன். இவங்க ஆமா, ஆமான்னு சொன்னாங்க. அவ்வளவுதான் விஷயம்."

சிலர் சிரித்தார்கள். தாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். பின்னால் சிலர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தச் சுருட்டும் சத்தம் இப்போதும் எனக்குப் பிடிக்காது.

பேருந்துப் பாட்டைத் தொடங்கினேன். ஒரு வரி பாடி நிறுத்தினேன். அமைதி. அன்ரி நெற்றியைச் சுருக்கித் தரையைப் பார்த்தார். கிட்டாரும் இல்லை. மறுபடி பாடினேன், மறுபடி அமைதி. முதலாளி தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு விரிப்புகள் சுருண்டன. பாட்டு முடிந்தபோது வந்த கைதட்டலை மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் கைதட்டல் என்பேன். கைதட்டுவதற்காக வந்தவர்கள் இல்லை.

என் ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. போவது போகட்டும், எனக்குப் பிடித்ததைப் பாடிவிட்டுப் போவோம் என்று தமிழுக்கு மாறினேன். பியானோக்கார அம்மாவுக்கு மெட்டு தெரியும், பின்னாலேயே வந்தார்.

"நான் போறேன்… சாவி மேஜை மேல இருக்கு."

நிறுத்தினேன். அன்ரியின் வாய் கோணியது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் போறேன்…"

"போட்டு வாறன் எண்டு சொல்லும் பிள்ளை."

வரி முடியக்கூட விடவில்லை. பப் முழுக்கக் கேட்டது. ஒரு வார்த்தையும் புரியாதவர்களுக்கும் அந்தத் தொனி புரிந்தது. வீட்டுக்கு வீடு இருக்கிற தொனிதானே. பியானோ ஒரு சின்னச் சிரிப்பு வாசித்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் விளக்கினேன்: நான் வீட்டை விட்டுப் போகிறேன் என்று பாடுகிறேன், அப்படிச் சொல்லக் கூடாதாம், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

"அவங்க சொல்றதுதான் சரி" என்றார் தாடிக்காரர், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

நான் அன்ரியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எத்தனையோ நாள் வேலிச் சண்டை. சரி என்று பியானோவுக்குத் தலையாட்டினேன்.

"நான் போட்டு வாறேன்… சாவி மேஜை மேல இருக்கு."

"வாறேன் இல்லை. வாறன்."

"நான் போட்டு வாறன்… சாவி மேஜை மேல இருக்கு."

"ஓம்," என்றார் அன்ரி, திருப்தியாக. வாய் திறக்கமாட்டோம் என்று வந்த மற்ற அன்ரிகளும் "ஓ…ம்" என்றார்கள். பாரின் பக்கமிருந்து யாரோ "யே" என்றார். விரிப்பில் இருந்தவர்கள் சிலர் "யே", சிலர் "ஓம்". அவரவருக்கு வந்த ஆமாமை அவரவர் சொன்னார்கள். அதற்குப் பிறகு கடைசி வரியைப் பழையபடி பாட முடியுமா? "பால் ஃபிரிட்ஜில இருக்கு, பாசம்… வந்து பாத்துக்கறேன்" என்று முடித்தேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் ஒரு சிரிப்பு எழுந்தது. பின்னால் விரிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்த ஒரு பெண் அதை அப்படியே வைத்துக்கொண்டு கதவோரமாகக் கடைசிவரை நின்று கேட்டாள். நான் வரியை விட்ட இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் ஏதோ சொன்னார்கள். ஒரு பாட்டில் தாடிக்காரரின் மனைவி, "நீ அவனை நம்பவே கூடாது" என்று பதில் சொன்னாள். ஓங்காரத்தைவிட அது எனக்கு இனித்தது.

பாட்டெல்லாம் முடிந்து வீட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்ரி ரோல்ஸ் டப்பாவைத் திறந்து விரிப்புக்காரர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். உறைப்பு தாங்காமல் தாடிக்காரர் தண்ணீர் தேடினார். முதலாளி வந்தார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். மென்றார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றேன்.

விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் விட்ட வெற்றிடத்தைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார்.

"நா," என்றார்.

அன்ரி என் முழங்கையைத் தொட்டு, "என்னவாம் பிள்ளை? இல்லையாமோ?" என்றார்.

"இருங்க அன்ரி. அவரு இன்னும் முடிக்கலை."

முதலாளி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

"யே," என்றார்.

"என்னவாம்?" என்று மறுபடி கேட்டார் அன்ரி.

"ஓம் அன்ரி," என்றேன்.